ராத்திரி சாப்பிடாத சர்க்கரை

"அத்தை, ராத்திரி டப்பாவுல இருந்த மைசூர்பாகை எடுத்தீங்களா?" காலை ஆறரை மணிக்கு குளுக்கோமீட்டரில் 152 என்று வந்தவுடன் மருமகள் கேட்கும் கேள்வி இது. முந்தைய இரவு ஒன்பதரைக்குப் படுக்கப் போகும்போது அதே மீட்டர் 128 காட்டியிருந்தது. நடுவில் ஒன்பது மணி நேரம். இரண்டு மடக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. அத்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், எண் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறது. தண்டனையும் உடனே கிடைத்துவிடும். நான்கு இட்லி இரண்டாகும், இரண்டு நாளில் அதுவும் போய் ஒரு டம்ளர் மோர் ஆகும். அப்படியும் காலையில் 149, 155, 151. சர்க்கரை நோய் இருக்கும் எத்தனையோ வீடுகளில் தினமும் நடக்கிற வழக்கு இது. எனக்கு இதில் பொறுக்க முடியாதது, செய்யாத குற்றத்துக்கு வயதானவர்கள் பசியோடு படுக்கப் போவதுதான். அந்த 24 புள்ளிகளைக் கூட்டியது அவருடைய வாய் அல்ல, கல்லீரல்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ ஐந்து லிட்டர். சர்க்கரை அளவு 100 என்றால் 100 மில்லி இரத்தத்தில் 100 மில்லிகிராம். அப்படியென்றால் மொத்த இரத்தத்திலும் இருக்கும் குளுக்கோஸ் ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. மூளை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது, மணிக்கு ஐந்து கிராம். வெளியிலிருந்து வரத்து இல்லையென்றால் இரத்தத்தில் இருப்பது மூளைக்கு ஒரு மணி நேரத்துக்குத்தான் காணும். எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி நள்ளிரவு ஒன்றுக்குள் செரித்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நாம் மயங்கி விழாமல் தூங்குகிறோம் என்றால், யாரோ அளந்து அளந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்துக்கு, இரண்டு மில்லிகிராம். இதுதான் இரவு முழுக்கக் கல்லீரல் விடுகிற அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு ஏழு கிராம், ஒன்பது மணி நேரத்தில் 60 கிராமுக்கு மேல். அத்தையின் 128 எப்படி 152 ஆனது என்பதற்கும் இதே கணக்குப் போதும். இரத்தத்திலும் திசுக்களைச் சுற்றியுள்ள நீரிலுமாகச் சர்க்கரை பரவும் இடம் 12 முதல் 15 லிட்டர். அதில் 24 புள்ளி ஏற மூன்று கிராமோ மூன்றரை கிராமோ கூடினால் ஆயிற்று. 60 கிராம் அளந்து ஊற்றிய இடத்தில் மூன்று கிராம் கை தவறியிருக்கிறது, அவ்வளவுதான். நூற்றுக்கு ஐந்து பிசகு. நாம் எல்லோரும் தேடுவது மைசூர்பாகை!

கழுவிய ஈரல்

கல்லீரல் சர்க்கரை செய்யும் என்பதே ஒரு காலத்தில் யாரும் நம்பாத செய்தி. 1840களில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அடித்துச் சொன்ன கருத்து, தாவரங்கள் மட்டுமே சர்க்கரையை உருவாக்கும், விலங்குகள் அதைத் தின்று அழிக்கும் என்பது. பாரிஸில் கிளாட் பெர்னார் என்ற உடலியலாளர், தின்ற சர்க்கரை உடலில் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இறைச்சி மட்டுமே போட்டு வளர்த்த நாயைச் சோதித்தார். குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் வாயிற் சிரையில் சர்க்கரை இல்லை. கல்லீரலிலிருந்து வெளியே போகும் சிரையில் நிறைய இருந்தது. உள்ளே போகாத ஒன்று வெளியே வருகிறது. இது 1848. எதிராளிகள் விடவில்லை, கல்லீரல் எப்போதோ வந்த சர்க்கரையைப் பிடித்து வைத்துக்கொண்டு விடுகிறது, அவ்வளவே என்றார்கள்.

1855இல் நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகாத சோதனை. பெர்னாருக்கு ஒரே ஈரலில் இரண்டு முறை சர்க்கரையை அளந்து சரிபார்க்கும் வழக்கம். ஒரு நாள் நேரம் போதாமல் ஓர் அளவை அன்றைக்கே எடுத்துவிட்டு, மற்றதை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. மறுநாள் எடுத்த அளவில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. வேறொருவராக இருந்தால் கைப்பிழை என்று குறிப்பேட்டில் அடித்துவிட்டுப் போயிருப்பார். அவர் இறைச்சி தின்ற இன்னொரு நாயின் ஈரலைப் புதிதாக எடுத்து, வாயிற் சிரையில் குழாயைச் செருகிக் குளிர்ந்த நீரை வேகமாகப் பாய்ச்சினார். முதலில் சிவப்பாகவும் இனிப்பாகவும் வந்த நீர் மெல்ல மெல்ல வெளுத்தது. நாற்பது நிமிடம் விடாமல் கழுவிய பிறகு, வெளியேறும் நீரிலும் சர்க்கரை இல்லை, ஈரலில் வெட்டி எடுத்த துண்டிலும் இல்லை. அந்த ஈரலை அப்படியே ஒரு நாள் வைத்திருந்தார். மறுநாள் வந்து பார்த்தால், ஈரல் முழுக்கச் சர்க்கரை. உடல் இல்லை, வயிறு இல்லை, இரத்தம்கூட இல்லை. மேசைமேல் தனியாகக் கிடந்த ஈரல் ராத்திரியோடு ராத்திரியாகச் சர்க்கரை செய்திருக்கிறது. வேகவைத்த ஈரல் மட்டும் செய்யவில்லை. ஆகவே ஈரலுக்குள் தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாத ஏதோ ஒரு சரக்கு இருக்கிறது. சூட்டில் அழியக்கூடிய ஏதோ ஒன்று அதைச் சர்க்கரையாக உடைக்கிறது. 1857இல் அந்தச் சரக்கைப் பிரித்தெடுத்து, சர்க்கரையைப் பிறப்பிப்பது என்ற பொருளில் கிளைக்கோஜன் என்று பெயர் வைத்தார்.

காலை ஆறரை மணி மீட்டரைப் பார்த்துச் சண்டை போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். சாப்பிடாத ஈரலில் காலையில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு 170 வருடத்துக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது.

குதிரும் அதன் வாயும்

நம் பழைய வீடுகளின் நெற்குதிரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அறுவடையில் மேலே கொட்டுவது, அன்றாடம் கீழே சின்ன வாயைத் திறந்து எடுப்பது. கிளைக்கோஜனில் ஒரு வேறுபாடு, போடுவதும் எடுப்பதும் ஒரே முனையில் நடக்கும். நடுவில் கிளைக்கோஜெனின் என்ற சிறிய புரதம். அதைச் சுற்றிக் குளுக்கோஸ் மணிகள் கோத்த சரங்கள். பத்துப் பன்னிரண்டு மணிக்கு ஒரு கிளை, கிளைக்கு மேல் கிளை. முழுதாக வளர்ந்த ஒரு துகளில் 50,000 மணிகள் வரை இருக்கலாம். கிளைகள் அதிகம் என்பதால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளும் அதிகம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான நுனிகளில் கோக்கவும் உருவவும் முடிகிறது. இவ்வளவு சிரமப்பட்டு ஏன் கோக்க வேண்டும், குளுக்கோஸை அப்படியே செல்லுக்குள் வைத்திருந்தால் என்ன? வைத்தால் சர்க்கரைப் பாகில் ஊறிய திராட்சைக்கு நேர் எதிரானது நடக்கும்: நீர் உள்ளே இழுக்கப்பட்டுச் செல் உப்பி வெடித்துவிடும். ஆயிரக்கணக்கான குளுக்கோஸை ஒரே மூலக்கூறாகக் கோத்துவிட்டால் அந்த இழுவிசை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அப்படியும் ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. அரிசியை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீரைத்தான்.

நன்றாகச் சாப்பிட்ட பிறகு ஒன்றரைக் கிலோ கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜன் சுமார் 100 கிராம். 400 கலோரி, அவ்வளவுதான். தசைகளில் இதைப்போல நான்கு மடங்கு, ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். ஆனால் தசை ஒரு பிடியைக்கூட வெளியே தராது. கிளைக்கோஜனிலிருந்து உருவிய குளுக்கோஸின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டியிருக்கும். அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால்தான் குளுக்கோஸ் செல்லைவிட்டு வெளியேற முடியும். கழற்றும் நொதி குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ். அது கல்லீரலில் இருக்கிறது, சிறுநீரகத்தில் இருக்கிறது, தசையில் இல்லை. தசை தனக்கு மட்டும் சமைத்துக்கொள்ளும். கல்லீரல்தான் ஊருக்குப் பந்தி போடும்.

அந்த ஒரு நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். இது அரிய பரம்பரை நோய், வான் கீர்க்கே நோய் என்று பெயர். கிளைக்கோஜன் எப்படி உடைகிறது என்று கண்டறிந்ததற்காக 1947இல் கணவர் கார்ல் கோரியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கெர்ட்டி கோரிதான், இந்தக் குழந்தைகளின் கல்லீரலில் எது குறைகிறது என்பதையும் 1952இல் காட்டினார். குதிர் நிரம்பி வழியும், வயிறு புடைக்கும் அளவுக்குக் கல்லீரல் பெருக்கும், ஆனால் கீழ்வாய் திறக்காது. சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். மருந்து என்ன தெரியுமா? சமையலறையில் இருக்கும் கார்ன்ஃப்ளார். வேகவைக்காமல், சூடில்லாத தண்ணீரில் கலக்கி, எடைக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும். வேகவைத்த மாவு சட்டென்று செரித்துவிடும். பச்சை மாவு மெல்லக் கரைந்து சில மணி நேரத்துக்குச் சர்க்கரையைக் கசியவிடும். அதற்காக அம்மாக்கள் இரவில் அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் பிள்ளையை உட்காரவைத்துப் புகட்டுகிறார்கள். நம் கல்லீரல் சத்தமில்லாமல் செய்யும் வேலையின் பெறுமதி அந்த அலாரத்தில் தெரியும்.

குதிர் மட்டுமே இருந்தால் ஒரு நாள் பட்டினியில் ஏறக்குறைய காலியாகிவிடும். ஆகவே கல்லீரலுக்கு இன்னொரு தொழிலும் உண்டு, புதிதாகச் செய்வது. தசையிலிருந்து வரும் லாக்டேட், புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள், கொழுப்பு உடைவதில் மிஞ்சும் கிளிசரால் இவற்றையெல்லாம் கொண்டு குளுக்கோஸைக் கட்டும். இரவு உணவு முடித்து விடியும் நேரத்தில் வெளியே வரும் சர்க்கரையில் ஏறத்தாழ பாதி குதிரிலிருந்து, பாதி புதுச்சரக்கு. பட்டினி நீள நீளப் புதுச்சரக்கின் பங்கு ஏறிக்கொண்டே போகும். இட்லியைக் குறைத்து மோரோடு படுத்தாலும் எண் இறங்காததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. மூலப்பொருள் தட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, உடம்பிலிருந்தே வருகிறது.

சொல் கேட்காத இடம்

கணையம் விடும் இன்சுலின் நேராக உடல் முழுக்கப் பரவுவதில்லை. முதலில் வாயிற் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஏறத்தாழ பாதி பிடித்து அழிக்கப்பட்ட பிறகு மீதிதான் மற்ற உறுப்புகளுக்கு. அதாவது கல்லீரலின் காதில்தான் இன்சுலின் முதலில், உரக்கப் பேசுகிறது. அது இடும் கட்டளைகள் மூன்று: சர்க்கரையை வெளியே விடுவதை நிறுத்து, வந்ததைக் கிளைக்கோஜனாகக் கோத்து வை, மிச்சத்தைக் கொழுப்பாக மாற்று. நலமாக உள்ளவருக்கு, சோறு உள்ளே போன அரைமணி நேரத்தில் கல்லீரல் தன் வாயை மூட ஆரம்பித்து, உண்ட சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும். நேர் எதிர்க் கட்டளை கணையத்தின் இன்னொரு ஹார்மோனான குளுக்ககானுடையது, திற, விடு என்பது. இரவெல்லாம் இந்த இரண்டின் சமநிலைதான் அந்த மணிக்கு ஏழு கிராம்.

இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சொல்லுக்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை, வந்த கல்லீரலில் மூன்று கட்டளையும் ஒரே அளவில் மங்குவதில்லை. "நிறுத்து" என்பதும் "கோத்து வை" என்பதும் காதில் விழுவதில்லை. "கொழுப்பாக்கு" மட்டும் நன்றாகவே விழுகிறது. கணையம் உரக்கக் கத்துகிறது, இரத்தத்தில் இன்சுலின் ஏறுகிறது, அந்தக் கத்தலில் கொழுப்பு உற்பத்தி இன்னும் கூடுகிறது. செல்லுக்குள் தேங்கும் கொழுப்பின் இடைப்பொருள்கள் இன்சுலின் செய்தியைத் தொடக்கத்திலேயே தடுக்கின்றன என்பது இன்று வலுவான விளக்கங்களில் ஒன்று. அதோடு, வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவும் இன்சுலின் சொல்லை மதிக்காமல் இரவெல்லாம் கொழுப்பு அமிலங்களை அவிழ்த்துவிடுகிறது. கல்லீரலில் அது எரியும்போது, புதுச் சர்க்கரை கட்டும் பாதையின் வாசலில் நிற்கும் நொதி முடுக்கிவிடப்படுகிறது. காலை ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் கைகோத்து ஏறியிருப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு விளக்கத்தோடு எனக்குத் தீராத பிணக்கு. "கல்லீரல் சர்க்கரையால் நிரம்பி வழிகிறது, அதனால் இரத்தத்துக்கு வருகிறது, குதிரைக் காலி செய்தால் நோய் போகும்" என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. கார்பன்-13 காந்த ஒத்ததிர்வு முறையில், உயிருள்ள மனிதரின் கல்லீரலுக்குள் கிளைக்கோஜனை வெட்டாமல் குத்தாமல் அளக்க முடியும். 1992இல் வெளியான அப்படியோர் அளவீட்டில், உணவு உண்டு நான்கு மணி நேரத்துக்குப் பிறகு இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் கல்லீரலில் கிளைக்கோஜன் மற்றவர்களில் இருந்ததில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. குதிர் வழியவில்லை, பாதி காலி. கூடியிருந்தது புதிதாகக் கட்டும் வேலை. வழிவது சர்க்கரைக் குதிர் அல்ல, அதன் பக்கத்தில் தேங்கிய கொழுப்பு. இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. குதிரைக் காலி செய்வதுதான் வழி என்று நம்புகிறவர் இரண்டு நாள் பட்டினி கிடந்து, எண் குறைவதைப் பார்த்து மகிழ்ந்து, மூன்றாம் நாள் பழையபடி சாப்பிட்டு மனம் ஒடிந்துபோகிறார். கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று புரிந்தவர் வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்.

எவ்வளவு வாரம்? இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை. நோய் வந்து நான்கு வருடத்துக்கு உட்பட்ட 11 பேருக்கு, நாளொன்றுக்கு 600 கலோரி உணவு, எட்டு வாரம். முதல் ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரையின் சராசரி 166இலிருந்து 106க்கு வந்தது. அதே ஏழு நாளில் கல்லீரல் கொழுப்பு முப்பது சதவீதம் வடிந்தது. எட்டு வாரத்தில் அது 12.8 சதவீதத்திலிருந்து 2.9க்கு இறங்கியது. உடலில் வேறெங்கும் இவ்வளவு வேகமாக மாற்றம் வரவில்லை; தசையின் இன்சுலின் எதிர்ப்பு அந்த ஏழு நாளில் அசையவே இல்லை. காலை எண்ணை ஆட்டிவைப்பது கல்லீரல் கொழுப்புதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நான் இதைச் சொல்வது நாளைக்கே 600 கலோரிக்கு இறங்குவதற்காக அல்ல. கணையத்தை இன்சுலின் விடவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் ஒருவர் மருந்தளவைக் குறைக்காமல் இதைச் செய்தால் தாழ்சர்க்கரையில் விழுந்துவிடுவார். மருத்துவர் கூடவே இருந்து செய்ய வேண்டிய வேலை.

"நான்தான் ஒல்லியாச்சே, எனக்கெப்படி ஃபேட்டி லிவர்?" என்று கேட்பவர்கள் நம்மூரில் நிறைய. 2006இல் அமெரிக்காவில் ஒல்லியான, புகைபிடிக்காத, ஆரோக்கியமான இளைஞர்களை இனவாரியாக ஒப்பிட்டபோது, இந்திய வம்சாவளி ஆண்களிடம் இன்சுலின் எதிர்ப்பு மற்றவர்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம் காணப்பட்டது. கல்லீரல் கொழுப்பும் இரு மடங்கு. தோலுக்கு அடியில் சேமிக்கும் இடம் நமக்குச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. எடையைப் பார்க்காமல் இடுப்பைப் பாருங்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட நிலையில், இறுக்காமல் டேப் பிடித்தால் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. ஸ்கேனில் "கிரேடு 1" என்று வந்தால் லேசானது என்று மடித்து வைத்துவிடுகிறோம். சாதாரண அல்ட்ராசவுண்டின் கண்ணில் படவே இருபது முப்பது சதவீதக் கொழுப்பாவது வேண்டும். ஐந்தரை சதவீதத்தைத் தாண்டினாலே அது கொழுப்பேறிய கல்லீரல். நார்மல் என்று வந்த ஸ்கேனும் கொழுப்பு இல்லை என்று சத்தியம் செய்வதில்லை. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று பார்க்க ஒரு எளிய கணக்கும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு கல்லீரல் நொதி எண்களும் பிளேட்லெட் எண்ணிக்கையும் இதற்கு வேண்டும். வயதை ஏஎஸ்டி எண்ணால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். பிளேட்லெட் 2.5 லட்சம் என்றால் 250 என்று போட வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். வயது 52, ஏஎஸ்டி 40, ஏஎல்டி 49, பிளேட்லெட் 2.5 லட்சம் என்றால் 2080ஐ 1750ஆல் வகுக்க 1.19. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. மேலே போனால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 வரை பார்க்கலாம்.

மூன்று மணிக்கு ஒரு துளி

அத்தைக்கு வருகிறேன். காலை எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. மூன்று எண் வேண்டும். இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது ஒன்று, அதிகாலை மூன்று மணிக்கு ஒன்று, எழுந்தவுடன் காபிக்கு முன் ஒன்று. இப்படி ஒரு வாரத்தில் மூன்று நான்கு இரவு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். பழம் உரித்த விரலில் எடுத்த துளி எண்ணை நிறையக் கூட்டிக்காட்டும். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. 100க்கு மேல் இருக்கும் எண்ணில் முன்னும் பின்னும் பதினைந்து சதவீதம் வரை மீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட பிழை. ஆகவே 128க்கும் 135க்கும் பேதம் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பல இரவுகளில் ஒரே திசையில் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்று மணிக்கும் படுக்கும்போதும் எண் ஒன்றுபோல் இருந்து, விடியும்போது மட்டும் ஏறினால் அது விடியல் ஏற்றம். அதிகாலையில் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் எழுந்து, கல்லீரலைத் திறக்கச் சொல்லும். எல்லோருக்கும் நடப்பதுதான். நலமானவரின் கணையம் கொஞ்சம் கூடுதல் இன்சுலின் விட்டு அதை அமுக்கிவிடும், எதிர்ப்பு உள்ளவரால் அது முடிவதில்லை. படுக்கும்போதே 180, மூன்று மணிக்கும் 175, காலையிலும் 178 என்றால் பிரச்சினை விடியலில் இல்லை. இரவு உணவோ, அதன் நேரமோ, மொத்த மருந்தளவோ காரணம். மூன்று மணிக்கு 70க்குக் கீழே இறங்கியிருந்தால் அதுதான் அவசரம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்து, காலையிலேயே மருத்துவரைக் கூப்பிட்டு மாத்திரை அல்லது இன்சுலின் அளவை மாற்ற வேண்டும். இரவில் வியர்த்துக் கொட்டுவது, கெட்ட கனவு, எழும்போது தலைவலி இவையும் அதற்கு அடையாளம். இந்த நிலையில் உள்ளவருக்குக் காலை எண் கூடியிருக்கிறது என்று மருந்தை ஏற்றினால் அடுத்த இரவு இன்னும் ஆழமாகத் தள்ளுகிறோம்.

லேபுக்குப் போகும் நாளில் இன்னொரு தவறு. இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டு, காலையில் குளித்து, கோவிலுக்கு நடந்து, பத்தரைக்கு லேபில் வரிசையில் நிற்பார்கள். பதினைந்தரை மணி நேரப் பட்டினி. எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். எதிர்ப்பு உள்ள சிலருக்கு, ஏதாவது சாப்பிட்டு இன்சுலின் எழும்வரை கல்லீரல் விட்டுக்கொண்டே இருப்பதால், ஏழு மணிக்கு 140 இருந்தது பத்தரைக்கு 160 ஆகும். அன்றைக்கு எட்டு மணிக்குள் இரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிட வேண்டும்.

எது உதவும் என்று கேட்டால் என் வரிசை இது. முதலிடம் எடைக்கு: நோய் பிடித்து சில வருடங்களுக்குள் உடல் எடையில் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்தால் காலை எண் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அடுத்தது குடிக்கும் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், அதில் பெரும்பகுதி கல்லீரலுக்கே நேராக வந்து, கட்டுப்பாட்டு வாசலைத் தாண்டிக் கொழுப்பாகும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பாட்டில் ஜூஸ் எல்லாம் கல்லீரலின் கணக்கில் ஒரே சாதிதான். முழுப் பழம் வேறு, அதைக் கடித்துத் தின்னலாம். இரவு பத்தரைச் சாப்பாட்டை எட்டுக்குக் கொண்டுவருவதும், சாப்பிட்டவுடன் பதினைந்து நிமிடம் தெருவில் நடப்பதும் படுக்கும்போது இருக்கும் எண்ணைக் குறைக்கும். நடக்கும் தசை இன்சுலின் இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் விடும் அளவைக் குறைக்கும் மருந்து. இரவு உணவோடு எடுப்பதை மறந்துவிட்டுக் காலை எண்ணைத் திட்டுவதில் பயன் இல்லை. மதுவைப் பற்றி ஒரு வார்த்தை: அது கல்லீரல் புதுச் சர்க்கரை கட்டுவதை நிறுத்திவிடும். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுப் படுத்தவருக்குக் குதிரும் காலி, கட்டும் வேலையும் நின்றுபோனது. காலையில் எழுப்பினால் எழாமல் கிடப்பவரைப் போதை என்று விட்டுவிடாமல் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள்.

அத்தைக்கு அந்த இரண்டு இட்லியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எட்டு மணிக்குள், சாம்பாரில் காய் நிறையப் போட்டு. படுக்கும்போது 126, மூன்று மணிக்கு 124, விடியும்போது 150 என்று நாலு இரவின் எண்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் சாப்பிட்ட நேரத்தையும் மாத்திரை போட்ட நேரத்தையும் குறித்து, மருத்துவரிடம் போகும்போது மூன்று மாத சராசரி ரிப்போர்ட்டோடு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அவர் கையைப் பிடித்துக் குத்திவிடும் வேலையை மருமகளே செய்யட்டும்.